பல்லக்கா கூட்டி வந்த சப்ஜெக்ட்

அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறவர்கள் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பதில்லை. "பல்லக்கா இருக்காங்களா இன்னிக்கு?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று பதில் வந்தால் வலியையே நாளைக்குத் தள்ளிப்போட்டு விடுவார்கள். டாக்டருக்கு இதில் உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் என்ன செய்வது, கூட்டம் வருகிறதே!

பல்லக்கா முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் போடுகிறவள். அவளுக்கு முன்னால் இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் ஒரு மீன்தொட்டி. உள்ளேயிருந்து அந்தக் குடைகிற மெஷின் சத்தம் வரும். தாடையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக வருகிற ஆள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கையை எடுத்துவிடுவான். "இப்ப வலி இல்லீங்க, நாளைக்கு வரேன்" என்று செருப்பைத் தேடுவான். இதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்ததே இல்லை. வலி எங்கே போச்சு, யார் பிடுங்கினார்கள் என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. யார் கேட்டாலும், குழந்தையே கேட்டாலும், "வலிக்காது" என்று சொல்ல மாட்டாள். "ஊசி போடும்போது வலிக்கும். அப்புறம் மரத்துப் போயிடும். அந்தக் கொஞ்ச நேரம் என் கையப் பிடிச்சுக்க" என்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டர் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஏம்மா, நீ இப்படிப் பயமுறுத்தினா எவன் உள்ள வருவான்? என் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்கா உனக்குச் சம்பளம்?"

"வலிக்காதுன்னு சொல்லி அனுப்பினா ஒரு தடவைதான் சார் வருவாங்க. அடுத்த தடவை நாம எது சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

ஒருநாள் ஆறடி உயர லாரி டிரைவர் ஒருவர் ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். அடுத்து வந்த பள்ளிக்கூடப் பெண், முழங்கை உயரம்கூட இருக்காது, காலை ஆட்டிக்கொண்டே பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனது. "ஏன் சார் இப்படி?" என்று பல்லக்கா கேட்டாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அதெல்லாம் சைக்காலஜிம்மா" என்றார். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவர் கையலம்பப் போய்விட்டார். இவளா விடுவாள்! தெருக்கோடியில் இருந்த கல்லூரிக்குப் போய், அதைப் பற்றி அங்கே என்ன படிப்பு இருக்கிறது என்று விசாரித்தாள். மாலை வகுப்பில் மூன்று வருடப் பட்டம் இருக்கிறது என்றார்கள். நாற்பத்தொரு வயதில், காதோரம் நரை எட்டிப்பார்க்க, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் எல்லாம் "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களில் ஸ்கூட்டரில் வருகிற ஒரு பெண்ணுக்கு எப்போதோ வேர் சிகிச்சை நடந்தது இதே ஆஸ்பத்திரியில். கையைப் பிடித்துக்கொண்டு அழுத பெண் அது. "ஐயோ, இவங்க பல்லக்காடி!" என்று வகுப்பில் அவள் கூவிய நாளிலிருந்து ஆன்ட்டி ஒழிந்தது.

படிப்பு அவளைப் பிடித்து ஆட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். காலை முதல் மூன்று மணிவரை ஆஸ்பத்திரி, நாலரைக்கு வகுப்பு. டோக்கனுக்கும் டோக்கனுக்கும் நடுவில் புத்தகம். புரியாத பக்கத்தை நான்கு தடவை வாசிப்பாள், ஐந்தாம் தடவை வாசித்துக் கோபப்படுவாள், ஆறாம் தடவை வாசிக்கும்போது, "அட, நம்ம மீன்தொட்டி!" என்று சத்தம் போடுவாள். கவனம் திரும்பினால் பயம் குறையும் என்று படித்த அன்றே மீன்தொட்டியை மூலையிலிருந்து நாற்காலிகளுக்கு எதிரே மாற்றி வைத்தவள் அவள்தான். மெஷின் சத்தம் வரும் நேரத்தில் மீன்களுக்குத் தீனி போடுவாள், எல்லாத் தலையும் அங்கே திரும்பும். செருப்பைத் தேடுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அந்த யோசனை டாக்டருடையது என்று இப்போது அவரே நம்புகிறார். நம்பிவிட்டுப் போகட்டும்.

ஆனால் இந்தப் படிப்பினால் ஒரு மனுஷனுக்கு வந்த பாடு கொஞ்சமில்லை. அவர்தான் பல்லக்காவின் வீட்டுக்காரர். பைக் மெக்கானிக். பேச்சு என்றால் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி யோசிப்பவர். சாப்பாடு நன்றாக இருந்தால் "சரி". உப்பு இல்லாவிட்டாலும் "சரி". அவருக்கு இந்த மூன்று வருடத்தில் எத்தனை நோய் வந்தது தெரியுமா? முதல் வருடம் ஆளுமை வகைகள் பாடம் நடந்தபோது அவர் உள்முக மனிதரானார். அடுத்து நினைவாற்றல் பாடத்தில் அவருக்கு மறதி வந்தது. பிறழ்நடத்தைப் பாடம் தொடங்கியதும் கேட்கவே வேண்டாம், புத்தகத்தின் பாதி அவர் தலையில்தான். அவள் தட்டில் பரிமாறிக்கொண்டே நோய்க்குறிகளைச் சொல்லுவாள், அவர் மென்றுகொண்டே கேட்பார், கடைசியில் "சரி" என்று கை கழுவப் போவார்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவளுக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு, ஸ்கூட்டர்ப் பெண்ணிடம் ஒரு நாள் வாய்விட்டே சொன்னாள்.

"மூணு வருஷமா படிக்கிறேன். ஒரு நாளாவது, இன்னிக்கு என்ன படிச்சேன்னு கேட்டிருக்காரா? நான் காலேஜுக்குப் போறேனா கறிக்கடைக்குப் போறேனான்னுகூட அவருக்கு அக்கறை இல்ல."

"தெனமும் வந்து கூட்டிட்டுப் போறாரேக்கா."

"அது பழக்கம்டி. பழக்கத்துக்குத் தனியா ஒரு பாடமே இருக்கு, படிக்கலையா நீ?"

வகுப்பு முடிந்து கேட்டுக்கு வந்தால் அவர் பைக்கோடு நிற்பார். மழையென்றாலும் நிற்பார். இவள் ஏறியதும் வண்டியைக் கிளப்புவார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. இதை அவள் ஒரு கணக்கிலும் சேர்த்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். சைக்காலஜி படிப்பில் ஒரு வினோதமான ஏற்பாடு இருக்கிறது. வேதியியல் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்குக் கல்லூரியே அமிலமும் குழாயும் கொடுத்துவிடும். இங்கே கருவியை மட்டும்தான் கொடுப்பார்கள். கருவியில் உட்காருகிற ஆளை மாணவர்களே கூட்டி வர வேண்டும். அந்த ஆளுக்குச் சப்ஜெக்ட் என்று பெயர். சைக்காலஜி தெரியாத ஆளாக இருக்க வேண்டும், அந்தச் சோதனையை முன்பின் செய்து பழகாத ஆளாகவும் இருக்க வேண்டும். தேர்வன்று காலை கல்லூரி வாசலில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தம்பி, தங்கை, பக்கத்து வீட்டு அண்ணன், ஹாஸ்டல் சமையல்காரர் என்று ஆளுக்கொரு ஆளை இழுத்துக்கொண்டு நிற்பார்கள்.

போன தடவை பல்லக்கா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரரைக் கூட்டி வந்தாள். அவர் கருவியைப் பார்த்தார், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாவைப் பார்த்தார். "கடையில ஆள் இல்லீங்க, இதோ வந்துடறேன்" என்று போனவர்தான். சப்ஜெக்ட் இல்லாவிட்டால் தேர்வு இல்லை. பல்லக்கா காலி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். மாலை வகுப்புக்காரர்களுக்கு அடுத்த தடவைதான் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் முன்னே எழுதித் தேறிய தாளெல்லாம் செல்லாது, மறுபடி முதல் வருடத்திலிருந்து வரவேண்டும். அந்த விதியைக் கேட்டுவிட்டு அன்றைக்கு அவள் மீன்களுக்குத் தீனி போடக்கூட மறந்துபோனாள்.

ஓடாத ஆள் வேண்டும். ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால், அவள் கண்ணுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"என்னங்க, எனக்கு எக்ஸாமுக்கு நீங்க வந்து உக்காரணும். இது என் கடைசி சான்ஸு. உங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். ஒண்ணும் தெரியாம வந்தாத்தான் நல்லது."

அவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "சரி" என்றார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

தேர்வன்று காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். நகக்கண்ணில் எப்போதும் இருக்கிற கரி இல்லை, தேய்த்துத் தேய்த்து விரல்நுனி சிவந்திருந்தது. "எக்ஸாம் எனக்குத்தான், உங்களுக்கு இல்ல" என்று கிண்டல் செய்தாள். அவர் சிரிக்கவில்லை. உதடு காய்ந்திருந்தது.

ஆய்வுக்கூடத்தில் மேசைக்கு மேசை மரத் தடுப்பு. சீட்டுக் குலுக்கி எடுத்ததில் பல்லக்காவுக்கு வந்தது கண்ணாடி வரைதல். ஒரு தாளில் இரட்டைக் கோட்டில் நட்சத்திரம் போட்டிருக்கும். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்டி நட்சத்திரத்தைச் சுற்றி வர வேண்டும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கையையும் தாளையும் ஒரு பலகை மறைத்துவிடும், எதிரே நிற்கிற கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். கண்ணாடியில் மேல் கீழாகத் தெரியும். முன்னால் போக நினைத்தால் கை பின்னால் போகும். படித்தவன் படிக்காதவன் எல்லாரும் முதல் தடவை கோட்டுக்கு வெளியே கிறுக்குவார்கள். பழகப் பழகப் பிழை குறையும், நேரமும் குறையும். அப்படிக் குறைவதை வரைபடமாகப் போட்டுக் காட்டுவதுதான் சோதனை. முதலில் இடக்கையால் ஒரு தடவை, பிறகு வலக்கையால் பல தடவை, முடிவில் மறுபடி இடக்கை. வலக்கை கற்றுக்கொண்டது பழகாத இடக்கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று கடைசியில் பார்க்க வேண்டும்.

தாளில் முதலில் சப்ஜெக்டைப் பற்றிய விவரம். பெயர், வயது, படிப்பு. கேட்டு எழுத வேண்டும் என்பது முறை. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்துகிறவரிடம் என்னத்தைக் கேட்பது! அவளே கிடுகிடுவென்று நிரப்பினாள். கடைசிக் கேள்வி, "இச்சோதனையில் முன்பயிற்சி உண்டா?" அதற்கும் "இல்லை" என்று எழுதிவிட்டு ஸ்டாப்வாட்சை எடுத்தாள்.

அவர் உட்கார்ந்தார். அவள் வாயைத் திறந்து விளக்கம் சொல்வதற்குள் மறைப்புப் பலகையைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினார். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்தார். பல்லக்கா சொல்ல வந்த விளக்கத்தை விட்டுவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

இடக்கையால் மெதுவாக, ஆனால் இரண்டே இடத்தில் இடித்து, நட்சத்திரத்தை முடித்தார். வலக்கைக்கு மாறினார். ஒரு பிழை இல்லை. கார்புரேட்டரில் ஊசி இறக்குகிற நிதானத்தோடு மூலைக்கு மூலை திரும்பி வந்து நின்றார். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்தும் அப்படியே, முடிவில் மறுபடி இடக்கைக்கு வந்தபோதும் அப்படியே. மலையிலிருந்து இறங்குகிற மாதிரி வரவேண்டிய கோடு, தாளில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கற்றல் என்று காட்ட ஒன்றுமே இல்லை.

பக்கத்துத் தடுப்பிலிருந்து ஸ்கூட்டர்ப் பெண் எட்டிப் பார்த்தாள். நிலவரம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"அக்கா, மொதல் ரெண்டு தடவைக்குப் பிழையக் கூட்டிப் போட்டுக்கங்க" என்று கிசுகிசுத்தாள். "எல்லாரும் பண்றதுதான். யாருக்குத் தெரியப் போகுது?"

"பார்க்காததை எப்படிடி எழுதறது?"

சொல்லி வாய் மூடவில்லை, அவள் கண் தாளின் மேல்பக்கம் போய் நின்றது. "இல்லை" என்று அவள் கையெழுத்தில் ஒரு பதில். அவரைக் கேட்காமல் எழுதிய பதில். யாரிடமும் "வலிக்காது" என்று ஒரு பொய் சொல்லாதவள், தான் கட்டிய புருஷனைப் பற்றிப் பார்க்காததையும் கேட்காததையும் கூசாமல் எழுதி வைத்திருக்கிறாள். அவளுக்கு முகம் சுட்டது. ஒரு தாளா இரண்டு தாளா, மூன்று வருடமாக அவரைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் இப்படிக் கேட்காமல் சொன்னதுதானே!

அதற்குள் தேர்வாளர் அம்மா வந்துவிட்டார். போன தடவை மருந்துக்கடைக்காரரை ஓட வைத்த அதே அம்மாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது? ட்ரெயினிங் குடுத்துக் கூட்டிட்டு வந்தீங்களா? அப்படின்னா நான் இதைத் திருத்தவே முடியாது, தெரியுமில்ல?"

மெக்கானிக் பாதி எழுந்துவிட்டார். ஏதோ தப்பு நடந்துவிட்டது, அது தன்னால்தான் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. பல்லக்கா அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

"நான் குடுக்கல மேடம். ஆனா அவருக்குப் பழக்கம் இருக்கான்னு கேட்டிருக்கணும், கேக்கல. கேக்காமயே இல்லைன்னு எழுதிட்டேன். அகநோக்கு அறிக்கை இன்னும் பாக்கி இருக்கு. இப்பக் கேக்கறேன்."

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேளுங்க. நானும் கேக்கறேன்."

அகநோக்கு அறிக்கை என்பது சோதனையின் கடைசிப் பகுதி. செய்யும்போது என்ன தோன்றியது என்று சப்ஜெக்டைக் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். பெரும்பாலும் "கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பல்லக்கா பேனாவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். ஊர்பேர் தெரியாத ஒருவரை முதன்முதலில் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிருக்கீங்களா?"

"ம்."

"எங்க?"

"கடையில. பழைய ஸ்கூட்டர் கண்ணாடி ஒண்ணைக் கழட்டி பெஞ்சுல மாட்டினேன். அட்டையால மறைச்சுக்கிட்டேன்." அவர் நிறுத்தினார். "இந்தப் பொண்ணு வண்டி சர்வீஸுக்கு வந்துது. எக்ஸாம்ல என்ன கேப்பாங்கன்னு அதுகிட்டதான் கேட்டேன். இந்த நட்சத்திரம்தான் கஷ்டம், வர்றவங்க எல்லாம் தடுமாறுவாங்கன்னுச்சு. போட்டுக் காட்டுச்சு."

பக்கத்துத் தடுப்பில் ஸ்கூட்டர்ப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எப்ப செஞ்சீங்க?"

"நீ காலேஜுக்கு வந்தப்புறம். உன்னைக் கூட்ட வர்ற வரைக்கும்."

"ஒண்ணும் தெரியாம வந்தாப் போதும்னு சொன்னேனே?"

"அதான் பயமா இருந்துது. கடைசி சான்ஸுன்னு வேற சொன்ன. ஒண்ணும் தெரியாதவனைக் கூட்டிட்டு வந்திருக்காளேன்னு உனக்கு மார்க்கைக் குறைச்சிட்டா? என்னால நீ ஃபெயில் ஆகக் கூடாது."

பல்லக்கா எழுதினாள். எழுதியதையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர் அம்மாதான் மெதுவாகக் கேட்டார், "செய்யும்போது என்ன தோணுச்சுங்க?"

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

"மொத நாள் கண்ணாடியத் தூக்கிப் போட்டுடலாம்னு இருந்துதுங்க. கை ஒரு பக்கம் போகணும்னு நெனச்சா, அது வேற பக்கம் போகுது. எனக்கு வீட்லயும் அப்படித்தாங்க. இவ படிக்கறதப் பாத்தா அவ்வளவு பெருமையா இருக்கும். என்ன படிச்சேன்னு கேக்கணும்னு இருக்கும். தப்பாக் கேட்டு, ஒண்ணும் புரியாதவன்னு ஆயிடுமோன்னு பயம். வாயத் தொறந்தா சரின்னுதான் வரும். இப்ப இது பழகிடுச்சு. பழகினா அதுவும் வந்துடும்னு தோணுதுங்க."

பல்லக்கா குனிந்து ஒரு சொல் விடாமல் எழுதினாள். "பெருமையா" என்ற இடத்தில் மை கரைந்து பரவியது. துடைத்துவிட்டு அதன் மேலேயே மறுபடி எழுதினாள். பிறகு மேலே போய், "இல்லை"யை அடித்து, "உண்டு. சோதனையாளர் கேட்கத் தவறினார்" என்று எழுதினாள். முடிவுரையில், இந்த வரைபடம் கற்றலைக் காட்டாது, கற்றல் இங்கே வருமுன்பே நடந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இதற்குமேல் பட்டம் போனால் போகட்டும் என்றிருந்தது.

தேர்வாளர் அம்மா தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். வாய்மொழித் தேர்வாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு கை கத்துக்கிட்டது இன்னொரு கைக்குப் போயிருக்கான்னு பாக்கணுமே. உங்க சப்ஜெக்டுக்குப் போயிருக்கா?"

"இனிமேதான் மேடம் பாக்கணும்" என்றாள் பல்லக்கா.

அந்த அம்மாள் சிரித்ததை மாணவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். சப்ஜெக்ட் பழகிய ஆளாக இருந்ததற்கு மதிப்பெண்ணைக் குறைத்தார், அதை முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார். ஆனால் தேறுகிற அளவுக்குப் போட்டிருந்தார். பல்லக்கா பட்டதாரி ஆனாள். சட்டம் போட்ட பட்டச் சான்றிதழ் இப்போது மீன்தொட்டிக்கு மேலே தொங்குகிறது, மாட்டச் சொன்னவர் டாக்டர்தான்.

அதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அன்று ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் நடைவழியிலேயே நின்றுவிட்டார்.

"நான் பாஸா?"

"தெரியாதுங்க" என்றாள். பொய் சொல்கிற பழக்கம்தான் அவளுக்கு இல்லையே. "ஆனா நான் ஃபெயிலானாலும் பரவால்ல. எனக்கு அழுகையா வருது, வாங்க போலாம்."

பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கேட்டைத் தாண்டியது. முதல் திருப்பம் வரைக்கும் வழக்கம்போல ஒன்றுமில்லை. திருப்பத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த... மறதிப் பாடம்னு ஒண்ணு சொன்னியே. எனக்கு மறதின்னு. அது என்ன, மறந்துபோறது எப்படின்னா, இல்ல, ஏன்னு... அதுல என்னதான் சொல்லியிருக்கு?"

தப்பும் தவறுமாகத்தான் கேட்டார். நடுவில் ஒரு மாட்டைக் கவனிக்காமல் போய்க் கடைசி நிமிஷத்தில் பிரேக் போட்டார், கேட்டதையே திரும்பக் கேட்டார், அவள் பதில் சொல்லும்போது குறுக்கே பேசினார். வீடு வந்து எஞ்சினை அணைத்த பிறகும் வண்டியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பல்லக்கா பின்னாலிருந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிழைகளை எண்ணவில்லை.